கொட்டகையிற் பிறந்த இசையும் அதன் மறுபதிப்பும்

சங்கீதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழுவன இரண்டே. ஒன்று, சபைகளிலே வித்துவான்கள் பாடும் கர்நாடக சங்கீதம். மற்றொன்று, தெருவெங்கும் ஒலிக்கும் சினிமாப் பாட்டு. இவ்விரண்டிற்கும் புறம்பாக மூன்றாவது ஒன்று உலகில் உண்டு. அது முதலாளியின் தயவையும் சபையின் தயவையும் வேண்டாது, பெரும்பாலும் நம் கல்லூரி மாணவர் வயதினராலேயே ஆக்கப்பட்டது. 'கராஜ் ராக்' என்றும் 'பங்க்' என்றும் பெயர் பெற்ற அவ்விசையை நம்முள் பலர் அறியார். அறிந்தாருட் சிலர், இரைச்சல் என்று இகழ்ந்து ஒதுக்குவர். அதன் புதிய வெளியீடுகளையும், அவற்றினும் மேலாகப் பழையனவற்றின் மறுபதிப்புகளையும் பற்றி எமது அபிப்பிராயத்தை இச்சஞ்சிகை வாயிலாக மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் தெரிவிக்க விரும்புகின்றோம்.

முதற்கண், பொருள் இன்னதென்று விளக்குதல் நம் கடமையாகும். கராஜ் என்பது மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகை. 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களிலே, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் நால்வர் ஐவர் கூடி, தந்தையாரின் வண்டியை வெளியே தள்ளிவிட்டு, அக்கொட்டகையிலே கிதாரும் டிரம்மும் வைத்துப் பழகினர். அவர்கட்கு ஆசான் இல்லை, பயிற்சியும் குறைவு, சொல்ல வேண்டுமென்ற வேகம் ஒன்றே மிகுதி. அவ்விடத்தின் பெயரே அவ்விசைக்கும் பெயராயிற்று. 'பங்க்' என்பதோ ஆங்கிலத்தில் உதவாக்கரை, போக்கிரி என்னும் பொருளுடைய ஒரு வசைச்சொல். 1970-ஆம் ஆண்டுகளின் நடுவில் நியூயார்க், லண்டன் முதலிய நகரங்களிலும், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் எழுந்த இளைஞர் குழுக்கள் அவ்வசையையே தமக்கு விருதாக அணிந்துகொண்டன. 1976-இல் வெளிவந்த 'ரமோன்ஸ்' குழுவினரின் முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள் உள்ளன. அத்தனையும் சேர்ந்து அரைமணி நேரத்திற்கும் குறைவு. அதனைப் பதிவுசெய்ய ஆன செலவு ஏறத்தாழ 6,400 டாலர். பெரும்பொருள் செலவிட்டுப் பல மாதம் உழைத்து இசைத்தட்டு ஆக்கிய அக்காலத்தில், இது பெரும் நிறுவனங்களுக்கு விடுத்த ஓர் அறைகூவலாகவே இருந்தது.

இத்தகைய இசை அதிகாரத்தில் உள்ளோரை எவ்வளவு கலங்கச் செய்தது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1963-இல் போர்ட்லண்டு நகரத்திலே 'கிங்ஸ்மென்' என்னும் இளைஞர் குழுவினர் 'லூயி லூயி' என்ற பாட்டைச் சொற்பச் செலவில் பதிவு செய்தனர். ஒலிவாங்கி தலைக்கு மேலே தொங்கியதால், பாடகர் அண்ணாந்து கத்த நேர்ந்தது; சொற்கள் தெளிவாக விழவில்லை. விளங்காத சொற்களில் ஆபாசம் மறைந்திருப்பதாகப் பெற்றோர் சிலர் ஐயுற்று முறையிட்டனர். அமெரிக்க மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறையே தலையிட்டுப் பல மாதங்கள் ஆராய்ந்து, இறுதியில், எவ்வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்று முடிவு கூறிற்று! அப்பாட்டை முதலில் இயற்றியவரோ ரிச்சர்ட் பெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞர். 1957-இல் அதனை வெளியிட்ட அவர், தம் திருமணச் செலவிற்காக அதன் உரிமையை ஏறத்தாழ 750 டாலருக்கு விற்றுவிட்டார். பிறர் பாடிப் பெரும்பொருள் ஈட்டிய காலத்தில் அவர் கைக்கு வந்தது மிகச் சிறிதே. 1980-ஆம் ஆண்டுகளிலேதான் உரிமையில் ஒரு பங்கை மீட்டார். இவ்விரு செய்திகளையும் நேயர்கள் நினைவில் வைப்பாராக. இளைஞர் இசையைக் கண்டு அஞ்சுவோர் பலர். அதன் உரிமையைக் காப்போர் சிலரே.

இனி, மறுபதிப்பைப் பற்றிக் கூறுவோம். கொட்டகைக் குழுக்களிற் பெரும்பாலானவை ஓரிரு பாட்டுகளைச் சிறு இசைத்தட்டாக வெளியிட்டு, ஓரிரு ஆண்டுகளிற் கலைந்து போயின. பாடியவர் கடைக்கும், பணிமனைக்கும், போர்க்களத்திற்கும் சென்றுவிட்டனர். தட்டுகள் பழம்பொருட் கடைகளிலே புழுதி படிந்து கிடந்தன. 1972-இல் லென்னி கே என்னும் இளைஞர், எலெக்ட்ரா நிறுவனத்தின் துணைகொண்டு, அவற்றுள் 27 பாட்டுகளைத் தேர்ந்து 'நக்கெட்ஸ்', அதாவது 'பொற்கட்டிகள்', என்ற பெயரால் இரட்டைத் தட்டாக வெளியிட்டார். அத்தொகுப்பிற்குத் தாம் எழுதிய குறிப்புகளிலே 'பங்க் ராக்' என்ற தொடரையும் ஆண்டார். நான்கு ஆண்டுகட்குப் பின் தோன்றிய பங்க் குழுக்கள் பலவற்றிற்கு அத்தொகுப்பு ஒரு பாடப்புத்தகமாகவே விளங்கிற்று. 1998-இல் அது 118 பாட்டுகளாக விரிந்து மீண்டும் பதிப்பிக்கப்பெற்றது. பழையதை மீட்டதனால் புதியது பிறந்தது என்பதே இதன் வரலாறு.

தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை ஊர் ஊராய்த் தேடி, சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் அச்சேற்றிய மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களின் தொண்டு நாம் அறிந்ததே. அப்பதிப்புகள் பழமையைப் பெட்டியிற் பூட்டி வைப்பதற்காக வந்தனவல்ல. அவை வந்தமையாலேயே இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் தன் முகத்தைத் தானே கண்டுகொண்டது. கிதாரும் கொட்டகையும் எங்கே, ஏடும் எழுத்தாணியும் எங்கே என்று சிலர் நகைக்கக்கூடும். பொருள் வேறாயினும் தொழில் ஒன்றே. கேட்பாரற்றுக் கிடந்ததைத் தேடி, பிழை நீக்கி, யார் ஆக்கியது, எக்காலத்தது என்று குறிப்பெழுதி, கேட்க வேண்டியவர் கையிற் சேர்ப்பதே இரண்டிடத்தும் நிகழும் காரியம்.

புதிய வெளியீட்டின் வகையிலும் இவ்விசை நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. 1977 ஜனவரியில் மான்செஸ்டர் நகரத்துப் 'பஸ்காக்ஸ்' குழுவினர் நண்பரிடமும் உறவினரிடமும் 500 பவுன் கடன் வாங்கி, 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு, 4 பாட்டுகள் அடங்கிய தட்டொன்றை 1,000 படிகள் அச்சிட்டனர். அது முடிவில் 16,000 படிகள் விற்றது. லண்டன் பெருநிறுவனத்தின் வாயிலிற் காத்து நில்லாமல், தம் ஊரிலேயே தம் பொருளைத் தாமே வெளியிடலாம் என்பதை அது காட்டிற்று. அதனைக் கண்டு இங்கிலாந்தின் பல ஊர்களிலும் சிறு வெளியீட்டகங்கள் முளைத்தன. அந்நான்கு பாட்டுகளும் 40 ஆண்டுகள் கழித்து, 2017-இல், மீண்டும் பதிப்பிக்கப்பெற்றன என்பதையும் இங்கே குறிக்கின்றோம்.

ஆயினும், எல்லார்க்கும் காலம் இவ்வாறு கைகொடுப்பதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் டேவிட், பாபி, டேனிஸ் ஹாக்னி என்னும் கறுப்பினச் சகோதரர் மூவர், 'பங்க்' என்ற பெயர் பரவுமுன்னரே, அத்தகைய இசையை 1975-இல் பதிவு செய்தனர். குழுவின் பெயர் 'டெத்', அதாவது மரணம். பெயரை மாற்றினால் ஆதரிப்போம் என்று பெருநிறுவனத்தார் கூறியதாகவும், மூத்தவராகிய டேவிட் இணங்க மறுத்ததாகவும் அக்குடும்பத்தார் உரைப்பர். 1976-இல் 500 படிகள் மட்டும் தாமே அச்சிட்டனர், எவரும் பொருட்படுத்தவில்லை. டேவிட் 2000-இல் இறந்தார். வீட்டுப் பரணிற் கிடந்த மூலநாடாக்களிலிருந்து 7 பாட்டுகளும் 2009-இல் 'டிராக் சிட்டி' என்னும் வெளியீட்டகத்தால் முதன்முறை முழுமையாக வெளிவந்தன. உலகம் வியந்தது, வியப்பைக் காண வேண்டியவர் இல்லை. மறுபதிப்பு எவ்வளவு நன்றாயினும், காலந்தாழ்ந்தால் அது பாதி நீதியே என்பது எமது கருத்து.

நம் நாட்டு நிலைமை யாது? 1970, 1971-ஆம் ஆண்டுகளில் சிம்லா என்னும் சிகரெட்டின் விளம்பரத்திற்காக நடத்தப்பெற்ற அகில இந்திய 'சிம்லா பீட்' போட்டியிற் கலந்துகொண்ட கல்லூரி வயதுக் குழுக்களின் பாட்டுகள் இரண்டு தட்டுகளாக வெளிவந்தன. 'கன்ஃபியூஷன்ஸ்', 'டைனோசார்ஸ்', 'ஜெனுயின் ஸ்பேர்ஸ்' முதலிய பெயர்கள் இன்று நமக்குத் தெரிவது அத்தட்டுகளாலேயே. அவற்றைத் தேடி மறுபதிப்புச் செய்தவர் யார்? வெளிநாட்டுச் சேகரிப்பாளரே. மற்றோர் உதாரணம், பங்க் இனத்தைச் சேராததாயினும், இங்குக் கூறத்தக்கது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரஞ்சித் சிங் 1982-இல் மின்னணு வாத்தியங்களில் பத்து ராகங்களை வாசித்து வெளியிட்ட தட்டு விலைபோகாது மறக்கப்பட்டது. 2010-இல் ஹாலந்து நாட்டார் ஒருவர் அதனை மறுபதிப்பிட்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது. முதுமையில் அவர் ஐரோப்பாவிற்கு அழைக்கப்பெற்று வாசித்து, 2015-இற் காலமானார். டேவிட் ஹாக்னிக்குக் கிட்டாத பேறு அவர்க்குக் கிட்டியது. ஆனால் அப்பேற்றை அளித்தவர் நம்மவரல்லர் என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டிலே, நம் காலத்திலே, இவ்விசையோடு நெருங்கிய உறவுடையதொன்று எழுந்தது. 2017-இல் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவே அது. 19 கலைஞர் கொண்ட அக்குழு 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னையில் முதன்முறை மேடையேறிற்று. வடசென்னையின் கானாவும், பறையும், ராக் கிதாரும், ராப் என்னும் தாளப் பேச்சும் அங்கே ஒருங்கே ஒலித்தன. சாவு வீட்டிற்கு வெளியே எந்த இசை நிறுத்தப்பட்டதோ, அந்த இசை நடுமேடைக்கு வந்தது. அக்குழுவிற் பாடிய இசைவாணியவர்களை 2020-இல் பி.பி.சி. உலகின் 100 மகளிருள் ஒருவராகத் தேர்ந்தது. அக்குழு தன்னைப் 'பங்க்' என்று அழைத்துக்கொண்டதில்லை. எனினும், இகழ்ச்சியைத் திருப்பி எடுத்து விருதாக அணிவதும், பிறர் அனுமதியை எதிர்பாராது பேசுவதும் இரண்டிற்கும் பொதுவான குணங்கள்.

அக்குழுவின் பெயரில் மறுபதிப்பின் பெருமை மறைந்து கிடக்கின்றது. சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்தை விதைத்த அயோத்திதாச பண்டிதரவர்களின் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டதே அப்பெயர். பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, 1914-இல் தாம் இறக்கும் வரையில் நடத்தினார். ஒரு பைசா விலையில், பெரியோர் ஆதரவின்றி, தம் சனங்களுக்காகத் தாமே அச்சிட்ட ஏடு அது. 1976-இல் லண்டன் இளைஞர் நகலெடுத்து விற்ற பங்க் பத்திரிகைகளுக்கு அது 69 ஆண்டு மூத்த உறவு என்று கூறினும் மிகையாகாது. அவ்வெழுத்துகள் நெடுங்காலம் கிடைத்தற்கரியனவாய் இருந்தன. ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுக்க, 1999-இல் அவற்றை நூலாக்கி வெளியிட்டது எது? பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். ஆம், ஒரு மிஷன் கல்லூரியே! அப்பதிப்பு வந்து 18 ஆண்டுகளில், பண்டிதரின் சொல் ஓர் இசைக்குழுவின் பெயராய் ஆயிரக்கணக்கான இளைஞர் செவியில் விழுந்தது. கல்லூரிகள் மறுபதிப்பிற் கைவைத்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, மறுப்புரைப்போர் கூற்றுகளை ஆராய்வோம். இஃது இரைச்சல், சங்கீத லட்சணம் அற்றது என்பர் சிலர். இராகத்தின் நுட்பத்தை இதில் தேடுவோர்க்கு ஏமாற்றமே கிட்டும் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஒப்பாரியிலும், ஏற்றப்பாட்டிலும் கூடச் சபை லட்சணம் இல்லை. அவை பாட்டல்லவென்று எவரும் கூறுவதில்லை. இஃது அந்நியம் என்பர் வேறு சிலர். வயலினும் ஆர்மோனியமும் எங்கிருந்து வந்தன என்று அவர்களைக் கேட்கின்றோம். வாத்தியம் வந்த வழியைக் காட்டிலும், அதனைக்கொண்டு நாம் சொல்வது யாது என்பதே கேள்வி. மூன்றாவது கூற்று வலிமையுடையது: இன்று எல்லாம் கைபேசியிற் கிடைக்கும்போது தட்டும் மறுபதிப்பும் எதற்கு என்பது.

இதற்குக் காலமே விடை கூறிற்று. உலகெங்குமுள்ள சிறு குழுக்கள் தம் பாட்டுகளைச் சேமித்து வைத்திருந்த 'மைஸ்பேஸ்' என்னும் நிறுவனம், 2003 முதல் 2015 வரையில் ஏற்றப்பட்ட பாட்டுகள் கணினி மாற்றத்தின்போது அழிந்துபோயின என்று 2019-இல் தெரிவித்தது. அழிந்தவை ஏறத்தாழ 5 கோடி என மதிப்பிட்டனர். வாடகை வீட்டிற் பொருளை வைத்து, வேறு படி வைத்துக்கொள்ளாதவர் கதி அது. நம் வட்டாரத்து நிலைமையோ இதனினும் நொய்தானது. மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் ஓர் இளைஞன் தன் பாட்டைக் கைபேசியிற் பதிந்து வைக்கின்றான். கைபேசி உடைந்தால் பாட்டும் உடைகின்றது. கரகாட்டத்திற்கு வாசிப்போரும், பறையடிப்போரும் வாசித்தவை பலருடைய கைபேசிகளிற் சிதறிக் கிடக்கின்றன. யார் வாசித்தார், எவ்வூரில், எந்நாளில் என்ற குறிப்பு ஒன்றேனும் இல்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் இதனை நமக்கு எளிதில் விளக்குவர். களிமண் குழம்பை ஊற்றி பொம்மை வார்க்கும் பாரிஸ் சாந்து அச்சு, பலமுறை வார்த்தபின் தேய்ந்து கூர்மை இழக்கும். தேய்ந்தபின் புதிய அச்சு எடுப்பதற்கென்று மூல உருவைத் தனியே பத்திரமாக வைத்திருப்பர். பொம்மை உடைந்தால் வேறு பொம்மை வார்க்கலாம். அச்சு தேய்ந்தால் வேறு அச்சு எடுக்கலாம். மூல உரு போய்விட்டாலோ, அப்பொம்மை உலகில் இனி இல்லை. கைபேசியில் நாம் கேட்பது பொம்மை. மூல ஒலிப்பதிவே மூல உரு. அது யார் கையில் இருக்கின்றது என்பதே ஒரு கலைஞனின் வாழ்விற்கும் அவன் பாட்டின் வாழ்விற்கும் ஆதாரமான கேள்வி.

மறுபதிப்பு வணிகத்தில் குறையே இல்லை என்று யாம் கூறவில்லை. பழைய தட்டைப் பளபளக்கும் உறையிலிட்டு, மாணவன் கைக்கு எட்டாத விலையில், எண்ணிச் சில படிகளே அச்சிட்டுச் செல்வர் அலமாரிக்கு அனுப்பும் வழக்கம் பெருகியுள்ளது. கொட்டகையிற் பிறந்த இசையைக் கண்ணாடிப் பேழையிற் பூட்டுவது அவ்விசைக்கே முரணானது. பாடியவர்க்குப் பங்கு கொடாது பதிப்பிப்போரும் உளர். அது ரிச்சர்ட் பெர்ரிக்கு நேர்ந்ததை மீண்டும் செய்வதாகும். மலிவாகவும், பாடியவர் உடன்பாட்டோடும், முழுக் குறிப்புகளோடும் வருவதே நல்ல மறுபதிப்பு. பழையதைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு இன்று பாடுவோரைக் கேளாதிருப்பதும் பிழையே. இன்றைய வெளியீட்டை வாங்குவாரும் கேட்பாரும் இருந்தாலன்றி, நாளை மறுபதிக்க ஒன்றும் இராது.

ஆகவே, எமது வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, நம் கல்லூரி நூல்நிலையத்தில் ஓர் அலமாரியேனும் தமிழ்ச் சிறுகுழுக்களின் இசைக்கென ஒதுக்கப்படுக. நூலுக்கு எண் இடுவதுபோல அதற்கும் எண் இட்டு, பாடியவர், வாசித்தவர், இடம், நாள் ஆகியவற்றை எழுதி வைப்பாராக. ஒலிப்பதிவைத் தனித்தனி இரண்டு இடங்களிலேனும் காப்பாராக. இரண்டாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் ஊர்க் கலைஞரிடம் சென்று, அவர் அனுமதி பெற்று, அவர் வாசிப்பைப் பதிந்து, பெயரும் நாளும் குறித்து வருக. ஒரு விடுமுறையில் ஒருவர் ஒன்றைக் கொணர்ந்தாலும் சில ஆண்டுகளில் அவ்வலமாரி நிறையும். மூன்றாவது, இசைக்குழு நடத்தும் மாணவர் எவரும், அவசரத் தேவைக்காகவோ புகழ் ஆசையாலோ, தம் மூல ஒலிப்பதிவின் உரிமையைப் படித்துப் பாராத பத்திரத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்தல் கூடாது. பழைய மாணவர்களாகிய வழக்கறிஞர்கள் இவ்விஷயத்தில் அவர்கட்கு இலவசமாக ஆலோசனை கூற முன்வருவார்களாயின், அஃது எந்த நன்கொடையினும் பெரிதாகும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பைசாவில் ஒரு பத்திரிகை நடந்தது. கடன் வாங்கிய 500 பவுனில் ஒரு நாட்டின் இசை வழி மாறிற்று. பரணிற் கிடந்த நாடா ஒன்று 34 ஆண்டுகள் கழித்து உலகை எட்டிற்று. வேண்டுவது, இது காக்கத்தக்கது என்ற எண்ணமும், காப்பது நம் வேலையே என்ற துணிவும். நம் பிள்ளைகளின் பாட்டை ஐம்பது ஆண்டுகட்குப் பின் அயல்நாட்டார் கண்டெடுத்து நமக்கே விலைக்கு விற்கும் நிலை வாராதிருக்க, இவ்வாண்டே நம் நூல்நிலைய அலமாரியில் முதல் ஒலிப்பதிவு ஏறுக.